கிளீனும் கிளீன் அப்பும்



ஆங்கிலத்தில் நம்மைப் படுத்தி எடுக்கும் வினைச்சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அத்தனையையும் ஒரு மாலையில் பேசித் தீர்க்க முடியாது. அதனால் வீடு வாசல் துப்புரவோடு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும் முதன்மையாக ஒன்று: ‘கிளீன் அப்’.

‘கிளீன்’ என்றால் சுத்தம் செய். ‘அப்’ என்றால் மேலே. இரண்டையும் சேர்த்து ‘ஒட்டடை அடித்தல்’ என்று ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதியிருந்தார். மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் அந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. கையில் இருந்த இரண்டு சொற்களுக்கும் நேர்மையாகப் பொருள் கண்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்த முறைதான் அவரை மேலே பார்க்க வைத்துவிட்டது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம்முடைய பெரிய அகராதியை வெளியிட்டபோது, அதன் முன்னுரையிலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். வினையின் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி, வெளிநாட்டார் அதிகம் திணறுவது இந்த இடத்தில்தான், ஆகவே இவற்றைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறேன் என்கிறார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அப்போது கிடையாது. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூல்தான் அந்தப் பெயரைப் பரப்பியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொல்லிக்கொடுத்த பெயர் அது என்று ஸ்மித்தே அதில் எழுதியிருக்கிறார். பெயர் கிடைக்க 170 ஆண்டு ஆனது. தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, ‘அப்’ அங்கே என்ன வேலை செய்கிறது?

‘காபி குடித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், கோப்பையில் பாதி மீதி இருக்கலாம். ‘காபியைக் குடித்துவிட்டேன்’ என்றால் கோப்பை காலி. ஒரு ‘விடு’தான் இந்த வித்தியாசத்தைச் செய்கிறது. இத்தனைக்கும் இங்கே யாரும் எதையும் கையிலிருந்து விடவில்லை. நம் இலக்கணத்தில் இதைத் துணைவினை என்போம். தன் சொந்தப் பொருளை உதறிவிட்டு, முன்னால் நிற்கும் வினைக்கு ‘முடிந்தது’ என்று முத்திரை குத்துவது இதன் வேலை. ஆங்கிலத்து ‘அப்’ செய்வதும் இதையேதான். ‘ட்ரிங்க்’ குடி, ‘ட்ரிங்க் அப்’ குடித்து முடி. ‘ஈட்’ சாப்பிடு, ‘ஈட் அப்’ மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஆகவே வகுப்பில் ‘அப்’ என்பதற்கு ‘மேலே’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதை நிறுத்தலாம் என்பது என் கட்சி. ‘விடு’ என்று எழுதுங்கள். ஒட்டுப்போட்ட விளக்கம்தான், எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்ந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். ‘ஃப்ரேசல் வெர்ப் ஐந்நூறு’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘சாவியைக் கொண்டுவர சுத்தமா மறந்துட்டேன்’ என்கிறோம். மறதியில் என்ன சுத்தம், என்ன அழுக்கு? ‘கையில் சுத்தமா காசு இல்லை’ என்கிறோம். இங்கே சுத்தம் என்றால் முழுமை, மிச்சமின்மை. ஆங்கிலேயரும் ‘ஐ கிளீன் ஃபர்காட்’ என்பார்கள். அதே சுத்தம், அதே மறதி. யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. துடைத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்கிற அனுபவம் எல்லா வீட்டுக்கும் பொது. அதிலிருந்து இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

இனி வேறுபடும் இடத்துக்கு வருவோம். தமிழில் துப்புரவுக்கு எத்தனை வினை இருக்கிறது பாருங்கள். துணியைத் துவைக்கிறோம், அலசுகிறோம். பாத்திரத்தை விளக்குகிறோம், துலக்குகிறோம், தேய்க்கிறோம். கையைக் கழுவுகிறோம், அலம்புகிறோம். வாசலைச் சில ஊரில் பெருக்குவார்கள், சில ஊரில் கூட்டுவார்கள். மாட்டுச் சாணத்தால் தரையை மெழுகிய காலமும் உண்டு. மாவு சட்டியை வழிப்போம், ஒட்டடையை அடிப்போம், தூசியைத் தட்டுவோம். பொருளுக்குத் தக்க வினையை நாம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கும் அப்படிச் சில உண்டென்றாலும், அங்கே அன்றாடப் பேச்சில் பெருஞ்சுமையைத் தூக்குவது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சொல். வினை ஒன்றேதான், வால் மாறினால் வேலை மாறும்.

சாப்பாட்டு மேசையில் சாம்பார் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு ஈரத்துணி. ‘வைப்’ என்றால் துடை. கொட்டிக் கிடக்கும் சாம்பாரைத் துணியால் ஒற்றி எடுப்பது ‘வைப் அப்’. இங்கே துடைக்கப்படுவது சாம்பார். பிறகு மேசை முழுவதையும் ஒரு முறை துடைத்துவிடுவது ‘வைப் டவுன்’. இங்கே துடைக்கப்படுவது மேசை. ‘வைப் டவுன் தி சாம்பார்’ என்று ஒரு ஆங்கிலேயர் வாயில் வராது. ஓரத்தில் மஞ்சள் கறை காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதை மேசையிலிருந்து பிரித்து எடுப்பது ‘வைப் ஆஃப்’. பக்கத்தில் திறந்திருந்த டிஃபன் பாக்ஸுக்குள்ளும் சாம்பார் போய்விட்டது, உட்புறத்தைத் துடைப்பது ‘வைப் அவுட்’. இந்தக் கடைசிச் சொல்லைத்தான் எதிரிப் படையை அடியோடு அழித்ததற்கும், கடல் அலையில் பலகைச் சறுக்கு விளையாடுகிறவர் தலைகுப்புற விழுவதற்கும் சொல்கிறார்கள். டிஃபன் பாக்ஸ் துடைப்பவர் அதற்கெல்லாம் பொறுப்பில்லை.

‘கிளீன் அவுட்’டும் இப்படித்தான். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தல். பீரோவை, தண்ணீர்த் தொட்டியை, மேசை இழுப்பறையை ‘கிளீன் அவுட்’ செய்வார்கள். திருடர்களும் கடையை ‘கிளீன் அவுட்’ செய்வார்கள். கல்யாணச் செலவில் கை காலியானவர் தன்னையே ‘கிளீன்ட் அவுட்’ என்று சொல்லிக்கொள்வார். நாமும் ‘வீட்டைத் துடைத்து எடுத்துட்டுப் போயிட்டான்’ என்கிறோமே!

மறுபடி ‘கிளீன் அப்’புக்கு வருகிறேன். வெறும் ‘கிளீன்’ அன்றாட வேலை. ஜன்னலை, பல்லை, கண்ணாடியை ‘கிளீன்’ செய்யலாம். பல்லை ‘கிளீன் அப்’ செய்தேன் என்றால் சிரிப்பார்கள். ‘கிளீன் அப்’ வரவேண்டுமானால் முன்னால் ஒரு அலங்கோலம் நடந்திருக்க வேண்டும். விருந்து முடிந்திருக்க வேண்டும், குழந்தை விளையாடியிருக்க வேண்டும், வெள்ளம் வடிந்திருக்க வேண்டும். துடைப்பதோடு, சிதறியதை அள்ளுவதும் கலைந்ததை அடுக்குவதும் அதில் அடக்கம். ‘இங்கே ஏதோ நடந்தது’ என்ற செய்தி அந்த ‘அப்’புக்குள் இருக்கிறது.

அதோடு இந்த வினைக்கு ஒரு தந்திரமும் உண்டு. ‘கிளீன் அப் தி மெஸ்’ என்று குப்பையையும் சொல்லலாம், ‘கிளீன் அப் தி ரூம்’ என்று இடத்தையும் சொல்லலாம். இடத்தைச் சொல்லும்போது அழுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை. அறையாக இருந்தால் பரவாயில்லை. மேடையேறி ‘நகரத்தை கிளீன் அப் செய்வோம்’ என்று ஒருவர் முழங்கும்போது கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். எதை அழுக்கு என்கிறார்? லஞ்சத்தையா, கஞ்சா விற்பவரையா, நடைபாதையில் கீரை விற்கும் ஆத்தாவையா? வாக்கியம் பதில் சொல்லாது, இலக்கணமும் அதைக் கட்டாயப்படுத்தாது. அரசியலில் இந்தச் சொல் இவ்வளவு செல்வாக்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, எழுத்தில் ஒரு சங்கதி. வினையாக வரும்போது ‘கிளீன்’ தனி, ‘அப்’ தனி. பெயர்ச்சொல்லானால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அல்லது நடுவில் சிறு கோடு விழும். ஒலியும் மாறும். வினையில் ‘அப்’ அழுத்திச் சொல்லப்படும், பெயரில் அழுத்தம் ‘கிளீ’க்கு வந்துவிடும். இதைவிடப் பெரிய மாற்றம் பொருளில் நடக்கிறது. ‘கடற்கரையை கிளீன் அப் செய்தார்கள்’ என்று வினையில் சொன்னால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ‘கிளீன்-அப் நடக்கிறது’ என்று பெயரில் சொன்னால் முடிவைப் பற்றிப் பேச்சே இல்லை. முடிந்ததைக் காட்டவென்று ஒட்டிய ‘அப்’, பெயர்ச்சொல்லானதும் அந்த வாக்குறுதியைக் கைவிட்டுவிடுகிறது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கூழாகத் திரண்ட கரிய எண்ணெய் கரையோரப் பாறைகளில் அப்பிக்கொண்டது. மீனவர்களும் மாணவர்களும் பணியாளர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அதை அள்ளி அள்ளிக் கைமாற்றினார்கள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் போட்ட சொல் ‘கிளீன்-அப்’. தமிழ்ப் பத்திரிகைகள் ‘எண்ணெய் அகற்றும் பணி’ என்றன. தமிழில் இருப்பது பணி மட்டும், ‘விட்டது’ இல்லை. சரியாகத்தான் எழுதினார்கள்.

அலாஸ்காவில் நடந்தது இதைவிடக் கசப்பு. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் பாறைத் திட்டில் மோதி, ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் கலந்தது. கரைப் பாறைகளைச் சுத்தம் செய்ய, சூடான தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சியடித்தார்கள். எண்ணெய் போனது. எண்ணெய்க்குத் தப்பிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகளும் பாசிகளும் வெந்நீரில் மாண்டன. கழுவிய சில கரைகள், கழுவாமல் விட்ட கரைகளைவிடத் தாமதமாகத்தான் தேறின என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பல ஆண்டு கழித்தும் கல்லைப் புரட்டினால் அடியில் எண்ணெய் இருந்தது. இதுவும் ஆவணங்களில் ‘கிளீன்-அப்’ என்றே பதிவாகியிருக்கிறது. பெயர்ச்சொல் பொய் சொல்லவில்லை. அது வேலையின் பெயர், விளைவின் பெயர் அன்று.

மாணவர்கள் அதிகம் இடறும் ஒரு சொல்வரிசைச் சிக்கலைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ‘கிளீன் அப் தி ரூம்’, ‘கிளீன் தி ரூம் அப்’, இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ என்று மாற்றுப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘கிளீன் இட் அப்’. ‘கிளீன் அப் இட்’ தவறு. காரணம் கேட்டால் பெரும்பாலும் ‘அது அப்படித்தான்’ என்பார்கள். காரணம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தி கடைசியில் வந்து அழுத்தம் பெறும். ‘இட்’ பழைய செய்தி, ஏற்கெனவே பேசப்பட்டது. அதற்கு அந்தக் கடைசி நாற்காலி கிடையாது.

பொருளில் இடறுவது ‘கிளீன் அப் ஆஃப்டர்’. ‘கிளீன் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்று பூங்காக்களில் பலகை வைத்திருப்பார்கள். நாய்க்குப் பிறகு சுத்தம் செய் என்று எழுத்தெண்ணி மொழிபெயர்த்தால், முதலில் நாய் சுத்தம் செய்யும், பிறகு நீங்கள் செய்யுங்கள் என்றாகிவிடும். நாய் வைத்துவிட்டுப் போனதை எடு என்பதே பொருள். நியூயார்க்கில் 1978 ஆகஸ்ட் முதல் இது சட்டம். மீறினால் அபராதம். இந்த ‘ஆஃப்டர்’ ஒருவர் பின்னாலேயே போய் அவர் இறைத்ததை அள்ளுவது. வீட்டில் அதைச் செய்பவர் பெரும்பாலும் யார் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை.

‘வாஷ் அப்’ என்ற சொல்லில் கடல் கடந்தால் அர்த்தம் மாறும். இங்கிலாந்தில் ‘வாஷ் அப்’ என்றால் பாத்திரம் தேய்ப்பது, அதற்கான திரவத்துக்கும் ‘வாஷிங்-அப் லிக்விட்’ என்றே பெயர். அமெரிக்காவில் அதே சொல் கை முகம் கழுவுவது. சாப்பாட்டுக்கு முன் அமெரிக்க அம்மா பிள்ளைகளைப் பார்த்து ‘கோ வாஷ் அப்’ என்றால், லண்டனிலிருந்து வந்த விருந்தாளி ‘இன்னும் சாப்பிடவே இல்லையே, எந்தப் பாத்திரத்தை?’ என்று திகைப்பார். திமிங்கலம் கரையொதுங்கினாலும் ‘வாஷ் அப்’தான். மார்க்கெட் போன நடிகரையும் ‘வாஷ்ட் அப்’ என்பார்கள்.

பணத்தோடு வரும் பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஹீ கிளீன்ட் அப்’ என்றால் அவன் நல்ல காசு பார்த்துவிட்டான் என்று பொருள். ஒரு படம் விருது விழாவில் ‘கிளீன்ட் அப்’ என்றால், எல்லா விருதையும் அள்ளியது. 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தங்க வயல்களில் ‘கிளீன்-அப்’ என்பது தொழிற்சொல். மண்ணையும் சரளையையும் நீளமான மரத்தொட்டியில் கொட்டித் தண்ணீரை ஓடவிடுவார்கள். அடியில் குறுக்குக் கட்டைகள் வரிசையாக அடித்திருக்கும். மண் தண்ணீரோடு போய்விடும். கனமான தங்கத்துகள் கட்டைகளின் இடுக்கில் தங்கிவிடும். பல நாள் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, கட்டைகளைப் பெயர்த்து, இடுக்கிலிருப்பதை வழித்தெடுக்கும் நாளுக்குத்தான் ‘கிளீன்-அப்’ என்று பெயர். 1896-இல் தங்கம் கண்ட கனடாவின் கிளாண்டைக் பகுதியில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் உறைந்து கிடக்கும். உறைந்த மண்ணைத் தீ மூட்டி இளக்கித் தோண்டிக் குவித்து வைப்பார்கள். வசந்தம் வந்து பனி உருகி ஓடை ஓடத் தொடங்கினால்தான் அலசிப் பார்க்க முடியும். ஏழெட்டு மாதப் பாட்டுக்கு விடை அந்தக் ‘கிளீன்-அப்’பில் தெரியும். சிலருக்கு மூட்டை, சிலருக்கு வெறும் மண். தொட்டியைச் சுத்தம் செய்வதும் லாபத்தை எடுப்பதும் அங்கே ஒரே காரியம். நம் ‘அள்ளு’வைப் பாருங்கள். குப்பையையும் அள்ளுகிறோம். படமும் வசூலை அள்ளுகிறது.

கடைசியாக ‘மாப் அப்’. ஈரத் துடைப்பான் கொண்டு தரையிலிருக்கும் தண்ணீரை ஒற்றியெடுப்பது. முதல் உலகப் போரில் இதற்கு ரத்த வாடை வந்தது. முதல் வரிசைப் படை எதிரியின் பதுங்குகுழிகளைத் தாண்டி முன்னேறிவிடும். பின்னால் வருகிறவர்கள் குழிகளில் மிஞ்சி ஒளிந்திருப்பவர்களைத் தேடி முடிப்பார்கள். அவர்களுக்குப் பெயர் ‘மாப்பர்ஸ்-அப்’. முதலில் தப்பியதைப் பின்னால் போய்ப் பிடிப்பது என்ற கருத்து அதற்கு வந்தது.

அந்தக் கருத்தை இந்தியா நன்றாகப் பிடித்துக்கொண்டது. பள்ளிகளில் பிப்ரவரி 10 அன்று குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்கு வராத பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்துக் கொடுப்பதற்கு அலுவலக மொழியில் ‘மாப்-அப் டே’. வணிகப் பக்கத்தில் ‘ஜிஎஸ்டி மாப்-அப்’ என்று தலைப்பு வரும், வரி வசூல் என்று பொருள். லண்டன் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அதைப் படித்தால் வரி எங்கேயோ தரையில் கொட்டிவிட்டது என்றுதான் நினைப்பார். தவறான ஆங்கிலம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்க வயலில் அமெரிக்கர் செய்ததை நாம் வரி வசூலிலும் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மருத்துவப் படிப்புக் கலந்தாய்வில் இரண்டு சுற்று முடிந்து மிஞ்சிய இடங்களை நிரப்பும் சுற்றுக்கு ‘மாப்-அப் ரவுண்டு’ என்று பெயர் வைத்தார்கள். அகில இந்தியக் கலந்தாய்வில் பிறகு அதை மூன்றாம் சுற்று என்று எண்ணிட்டு மாற்றியும் விட்டார்கள். ஆனால் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் எந்த ஊர் பேருந்திலும் காது கொடுத்துக் கேளுங்கள். ‘மாப்’ என்றால் துடைப்பான் என்று தெரியாத, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லாத ஒரு தகப்பனார் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: “ரெண்டாவது ரவுண்டுல கட்-ஆஃப் எறங்கல சார். மாப்-அப்ல பாப்போம்.”

இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.